ஜார்ஜ் வாஷிங்டனின் போர்க்காலக் கடிதங்கள்: படைத்தலைமையும் குடிமை அதிகாரமும்

முன்னுரை

புரட்சியில் வென்ற படைத்தலைவர் தாமே ஆட்சியைக் கைப்பற்றுவது உலக வரலாற்றில் பலமுறை நிகழ்ந்துள்ளது. இங்கிலாந்தில் ஆலிவர் கிராம்வெல்லும் பிரான்சில் நெப்போலியனும் இதற்குப் பலரும் அறிந்த சான்றுகள். 1775 முதல் 1783 வரை நடைபெற்ற அமெரிக்க விடுதலைப் போரில் அவ்வாறு நிகழவில்லை. எட்டாண்டுகள் படையைத் தம் கையில் வைத்திருந்த ஜார்ஜ் வாஷிங்டன், போர் முடிந்ததும் தம்மை அமர்த்திய மக்கள் பேரவையிடமே பதவியைத் திருப்பி அளித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். அவரது தன்னலமற்ற இயல்பே இதற்குக் காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அவ்விளக்கம் முழுமையானதன்று. பதவியும் புகழும் அவருக்கு வேண்டாதவையாக இருந்ததில்லை; இளமையில் அவற்றை அவர் வெளிப்படையாகவே நாடினார்.

போர்க்காலம் முழுவதும் வாஷிங்டன் பேரவைக்கும், மாநில ஆளுநர்களுக்கும், தம் கீழ்ப் பணியாற்றிய தளபதிகளுக்கும் இடைவிடாது கடிதம் எழுதினார். அவற்றில் முறையிட்டார், கண்டித்தார், எச்சரித்தார். பேரவையின் முடிவு தமக்கு உடன்பாடில்லாத இடங்களிலும் அதற்கு விடை எழுதிவிட்டு அதன்படி நடந்தார். படை குடிமை அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்னும் கோட்பாடு சட்டமாக உறுதிபெறுவதற்கு முன்னரே இக்கடிதப் பழக்கத்தில் நடைமுறையாகிவிட்டது. அவரது வாழ்வை அக்கடிதங்களின் வழியே தொடர்ந்து இக்கருத்தை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் முதற் பாடங்களும்

வாஷிங்டன் 1732 பிப்ரவரி 22 அன்று வர்ஜீனியாவின் வெஸ்ட்மோர்லாந்து மாவட்டத்தில் பிறந்தார். பதினோராம் வயதில் தந்தையை இழந்ததால், இங்கிலாந்து சென்று கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நில அளவைத் தொழிலைக் கற்று, 1749இல் கல்பெப்பர் மாவட்ட நில அளவையாளராகப் பணியேற்றார். கல்லூரி வாசலை மிதிக்காத குறையை அவர் வாழ்நாள் முழுவதும் உணர்ந்திருந்தார். தம் எழுத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அவரது பொதுவாழ்வின் முதற்பணியே ஒரு கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதாக அமைந்தது. 1753இல் வர்ஜீனியாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராபர்ட் டின்விடி, ஓஹாயோ ஆற்றுப் பகுதியிலிருந்து வெளியேறுமாறு பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, இருபத்தொரு வயது வாஷிங்டனிடம் கொடுத்தனுப்பினார். குளிர்காலக் காடுகளைக் கடந்து லெ பீஃப் கோட்டையில் அதைச் சேர்ப்பித்து, மறுப்பு விடையுடன் அவர் திரும்பினார். அப்பயணக் குறிப்பு 1754இல் வில்லியம்ஸ்பர்க்கில் அச்சாகி அவர் பெயரைப் பரப்பியது.

அவ்வாண்டு சூலையில் நெசசிட்டி கோட்டையில் அவர் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தார். ஒப்பந்தம் அவர் அறியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது. சில வாரங்களுக்கு முன் நடந்த மோதலில் இறந்த ஜூமோன்வில் என்னும் பிரெஞ்சு அதிகாரி படுகொலை செய்யப்பட்டார் என்ற பொருள் தரும் சொல் அதில் இருந்தது. மொழிபெயர்ப்பில் அது சரிவர வெளிப்படாமையால், அவர் கையொப்பமிட்டுவிட்டார். பிரெஞ்சு அரசு அதையே அவரது ஒப்புதலாகக் காட்டி ஐரோப்பாவெங்கும் பரப்பியது. தாளில் உள்ள ஒரு சொல் போர்க்களத் தோல்வியைவிட நீண்டகாலம் நிலைக்கும் என்பதை இருபத்திரண்டாம் வயதில் அவர் இவ்வாறு உணர நேர்ந்தது.

1755 முதல் 1758 வரை வர்ஜீனியப் படைப்பிரிவின் தலைவராக அவர் டின்விடிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலக் கடிதங்களினின்றும் வேறுபட்டவை. ஊதியம், பதவி வரிசை, தம் பெருமை ஆகியவை பற்றிய முறையீடுகள் அவற்றில் மிகுதி. மேலிடத்தைத் தாண்டிச் சட்டமன்றத் தலைவர்களுக்கும் அவர் தனியே எழுதினார். 1758இல் படைப்பணியை விட்டு, 1759 சனவரியில் மார்த்தா கஸ்டிஸ் என்னும் செல்வக் கைம்பெண்ணை மணந்தார். பின்னர்ப் பதினைந்தாண்டுகளுக்கும் மேலாக வர்ஜீனியச் சட்டமன்ற உறுப்பினராக அமர்ந்திருந்தார். மக்கள் அவை எவ்வளவு மெதுவாக இயங்கும், பணம் ஒதுக்க ஏன் தயங்கும் என்பவற்றை அவர் உள்ளிருந்தே கண்டது இக்காலத்தில்தான். பின்னாளில் பேரவையிடம் அவர் காட்டிய பொறுமைக்கு வேர் இங்கே உள்ளது.

பேரவையும் தலைமைத் தளபதியும்

1775 சூன் 15 அன்று பிலடெல்பியாவில் கூடியிருந்த கண்டப் பேரவை (காண்டினென்டல் காங்கிரஸ்) வாஷிங்டனைத் தலைமைத் தளபதியாகத் தேர்ந்தது. மறுநாள் அவர் ஊதியம் வேண்டாம், செலவுத் தொகை போதும் என அறிவித்துப் பொறுப்பை ஏற்றார். பேரவை தந்த பணி ஆணையும் அறிவுரைகளும் இரண்டு செய்திகளைத் தெளிவுபடுத்தின: களத்தில் தளபதிகளின் கருத்தைக் கேட்டு அவர் தாமே முடிவெடுக்கலாம், ஆயினும் அவ்வப்போது பேரவை இடும் ஆணைகளுக்கு அவர் கட்டுப்பட்டவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியைக் கடிதங்களே நிரப்ப வேண்டியிருந்தது.

அப்பேரவைக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. வீரர்களைத் தர வேண்டியவை பதின்மூன்று குடியேற்றங்கள். பேரவை அவற்றை வேண்டலாமே அன்றிக் கட்டாயப்படுத்த இயலாது. ஆதலால் படைக்கு ஒரு பொருள் வேண்டுமாயின், தளபதி பேரவைத் தலைவருக்கு எழுதுவார். அவர் கடிதத்தை அவையில் படிக்கச் செய்வார். அவை ஒரு குழுவிடம் ஒப்படைக்கும். பின் தீர்மானம் நிறைவேறும். அதை நிறைவேற்றித் தருமாறு மாநிலங்களுக்கு வேண்டுகோள் செல்லும். இச்சுற்றுவழியின் தாமதத்தை வாஷிங்டன் அறிந்திருந்தார். எனவே ஒரே செய்தியைப் பேரவைத் தலைவருக்கும் அருகிலிருந்த ஆளுநர்களுக்கும் ஒருங்கே எழுதும் முறையைக் கையாண்டார்.

1775 சூலைத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பொறுப்பேற்ற அவருக்கு ஆகஸ்டில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. 300 பீப்பாய்களுக்கு மேல் இருப்பதாகக் கணக்குக் காட்டிய வெடிமருந்து உண்மையில் 36 பீப்பாய்களே இருந்தது. ஒரு வீரருக்கு ஒன்பது முறை சுடும் அளவே தேறியது. இதை அவர் பேரவைத் தலைவர் ஜான் ஹான்காக்குக்கு எழுதினார். அண்டை மாநிலங்களுக்கும் மறைமுகமாக எழுதினார். படைவீரர்கள் பலருக்கு இவ்வுண்மை தெரியாது. தெரிந்தால் படை கலையும். பகைவர் அறிந்தால் அழியும். இதனால் தளபதியின் கடிதம் ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது. அரசியல் தலைவர்களிடம் வறுமையை முழுமையாகச் சொல்ல வேண்டும். உலகத்துக்கு அதை மறைக்கவும் வேண்டும். பிற்காலத்தில் அவர்மீது வந்த பழிச்சொற்களுக்கு வெளிப்படையாக விடை கூற இயலாத நிலைக்கு இவ்விரட்டைக் கட்டுப்பாடே காரணமாயிற்று.

முகவரியில் அடங்கிய அரசியல்

1776 சூலையில் விடுதலை அறிக்கையை ஹான்காக் தளபதிக்கு அனுப்பினார். சூலை 9 அன்று அது நியூயார்க்கில் படைகளின் முன் படிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில் பிரித்தானியத் தரப்பிலிருந்து ஒரு கடிதம் வெள்ளைக் கொடியுடன் வந்தது. அதன் முகவரியில் வாஷிங்டனின் பெயர் தனிமனிதர் ஒருவருக்குரிய மரியாதை அடைமொழியுடன் மட்டுமே இருந்தது. தளபதி என்னும் பதவி குறிப்பிடப்படவில்லை. அவருடைய அலுவலர்கள் ஜோசப் ரீட், ஹென்றி நாக்ஸ் ஆகியோர் அப்பெயரில் படையில் எவரும் இல்லை என்று கூறி அதைத் திருப்பி அனுப்பினர். பின்னர் ஒரு பிரித்தானிய அதிகாரி நேரில் வந்து பேசியபோதும், பதவி குறிக்கப்படாத கடிதத்தை வாஷிங்டன் ஏற்கவில்லை.

இது தன்மானச் செயலாக மட்டும் கருதத்தக்கதன்று. முகவரியை ஏற்றிருந்தால், பேரவை வழங்கிய பணி ஆணை செல்லாது என்பதையும், தாம் அரசனுக்கு எதிராகக் கிளர்ந்த ஒரு குடிமகன் மட்டுமே என்பதையும் அவர் ஏற்றதாகும். தம் செயலை அவர் பேரவைக்கு எழுதி விளக்கினார். பேரவை அதைப் பாராட்டி, இனித் தளபதிகள் யாவரும் அவ்வாறே நடக்க வேண்டும் எனத் தீர்மானித்தது.

ஆணையும் உரிமையும்: 1776

நியூயார்க்கில் தொடர் தோல்விகள் ஏற்பட்டன. குறுகிய காலத்துக்கு மட்டும் சேரும் வீரர்களையும் குடிப்படையையும் நம்பிப் போர் நடத்த இயலாது என 1776 செப்டம்பரில் வாஷிங்டன் ஹான்காக்குக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். நிலைப்படை மக்களுரிமைக்கு ஊறாகும் என்ற அச்சம் பேரவையில் ஆழமாக வேரூன்றியிருந்தது. அவ்வச்சத்தை அவர் எள்ளவில்லை. அதன் நியாயத்தை ஏற்று, அந்நாளைய நிலையில் படையின்மையால் வரும் கேடு அதனினும் உறுதியானது என வாதிட்டார். வீரர்களை நீண்ட காலத்துக்குச் சேர்ப்பதற்குப் பேரவையும் அக்காலத்திலேயே இசைந்தது.

எழுத்தின் பலவீனத்தையும் அதே ஆண்டு காட்டியது. அட்சன் ஆற்றங்கரையில் இருந்த வாஷிங்டன் கோட்டையைத் தொடர்ந்து காப்பது அறிவுடைமையாகத் தோன்றவில்லை என்று 1776 நவம்பர் 8 அன்று அவர் தளபதி நத்தானியேல் கிரீனுக்கு எழுதினார். ஆனால் களத்தில் இருப்பவர் என்ற முறையில் முடிவைக் கிரீனிடமே விட்டார். கிரீன் காக்க முடிவு செய்தார். நவம்பர் 16 அன்று கோட்டை வீழ்ந்தது. ஏறத்தாழ 2,800 பேர் சிறைப்பட்டனர். ஆணையாக அமையாமல் கருத்தாக நின்ற ஒரு கடிதத்தின் விலை இது. வாஷிங்டன் கிரீனைப் பதவியினின்று நீக்கவில்லை. பின்னாளில் அவரே தென்பகுதிப் போரின் சிறந்த தளபதியாக விளங்கினார்.

இத்தோல்விக்குப் பின் மற்றொரு கடிதம் வாஷிங்டனின் கைக்கு வந்தது. படையின் துணைத் தலைவர்களுள் ஒருவரான சார்லஸ் லீ, ரீடுக்கு எழுதியது அது. அலுவல் கடிதம் எனக் கருதி அதைப் பிரித்த வாஷிங்டன், தம் உறுதியின்மை குறித்து ரீடும் லீயும் தமக்குள் எழுதிக்கொண்டதை அறிந்தார். ரீட் அவருக்கு மிக நெருங்கிய நண்பர். அவர் கடிதத்தை ரீடுக்கே அனுப்பி, தவறுதலாகப் பிரித்தமைக்கு வருந்துவதாகச் சுருக்கமாக எழுதினார். பழி ஒன்றும் கூறவில்லை. நட்பு பழைய நெருக்கத்தை மீண்டும் அடையவில்லை எனினும், இருவரின் பணியுறவு முறியவில்லை.

பகைவர் நெருங்கியதால் 1776 டிசம்பர் 12 அன்று பேரவை பிலடெல்பியாவை விட்டுப் பால்டிமோருக்குச் செல்லத் தீர்மானித்தது. டிசம்பர் 27 அன்று வாஷிங்டனுக்கு ஆறு மாதங்களுக்குப் பேரதிகாரம் வழங்கியது. புதிதாக 16 காலாட்படைப் பிரிவுகளைத் திரட்டவும், கீழ்நிலைத் தளபதிகளை அமர்த்தவும் நீக்கவும், நியாய விலை கொடுத்துப் பொருள்களைக் கைப்பற்றவும், பேரவையின் காகிதப் பணத்தை ஏற்க மறுப்பவர்களைச் சிறைப்பிடிக்கவும் அதில் இடமிருந்தது. இத்தீர்மானம் இயற்றப்பட்டபோது, முந்திய நாள் டெலவேர் ஆற்றைக் கடந்து டிரென்டனில் ஏறத்தாழ 900 கூலிப்படையினரை வாஷிங்டன் சிறைப்பிடித்த செய்தி பேரவைக்கு எட்டியிருக்கவில்லை. நம்பிக்கை இழந்த வேளையில் அளிக்கப்பட்ட அதிகாரம், வெற்றியின் பின் தளபதியின் கையை அடைந்தது.

அவரது விடை 1777 சனவரி 1 அன்று பேரவையின் செயற்குழுவுக்கு எழுதப்பட்டது. இந்நம்பிக்கையால் தாம் குடிமைக் கடமைகளினின்றும் விடுபட்டதாகக் கருதவில்லை என அவர் அதில் தெரிவித்தார். உரிமையைக் காக்க இறுதிக் கருவியாக ஏந்திய வாள், உரிமை நிலைபெற்றதும் முதலில் கீழே வைக்கப்பட வேண்டியது என்பது அதன் கருத்து. ஓராண்டு கழித்துப் பேரவை, பொருள்களைக் கைப்பற்றும் அதிகாரத்தை அவர் தயங்கித் தயங்கிப் பயன்படுத்துவதாகக் குறை கூறியது. படை நேரடியாகப் பறிப்பதைக் காட்டிலும் மாநில அரசுகளின் வழியே பெறுவது மக்கள் மனத்துக்கு இசையும் என்று அவர் விடை எழுதினார். குடிமைப் பேரவை தளபதியை மிகுந்த அதிகாரம் செலுத்தத் தூண்டியதும், தளபதி அதற்கு இணங்கத் தயங்கியதும் போர் வரலாற்றில் அரிய காட்சி.

வேலி ஃபோர்ஜும் அவதூறுக் கடிதங்களும்

1777 அக்டோபர் 17 அன்று சரட்டோகாவில் ஒரு பிரித்தானியப் படை முழுவதும் சரணடைந்தது. வென்ற தளபதி ஹொரேஷியோ கேட்ஸ் அச்செய்தியை நேரடியாகப் பேரவைக்கு அனுப்பினார். தம் தலைமைத் தளபதிக்கு எழுதவில்லை. அச்சிறு புறக்கணிப்பு பெரிய பூசலின் முன்னறிகுறியாயிற்று. வாஷிங்டன் அப்போது பிராண்டிவைன், ஜெர்மன்டவுன் ஆகிய இரு போர்களிலும் தோற்று, பிலடெல்பியாவை இழந்திருந்தார். கேட்ஸைத் தலைமைக்குக் கொணர வேண்டும் என்னும் பேச்சு பேரவையிலும் படையிலும் எழுந்தது.

தாமஸ் கான்வே என்னும் தளபதி வாஷிங்டனைத் தாழ்த்திக் கேட்ஸுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி, கேட்ஸின் உதவியாளர் ஜேம்ஸ் வில்கின்சன் பயணத்தின் இடையே வாய்தவறிப் பேசினார். அப்பேச்சு தளபதி ஸ்டர்லிங் வழியாக வாஷிங்டனை எட்டியது. அவர் கான்வேக்கு அனுப்பிய மடல் மிகச் சிறியது. தமக்கு எட்டிய வரியை எடுத்துக்காட்டியதன்றி வேறொன்றும் அதில் இல்லை. கலங்கிய கேட்ஸ், தம் கடிதங்களை யாரோ திருட்டுத்தனமாகப் படியெடுத்ததாக முறையிட்டு, அம்முறையீட்டின் படியொன்றைப் பேரவைக்கும் அனுப்பினார். எனவே வாஷிங்டனும் தம் விடையைப் பேரவையின் வழியாகவே அனுப்பினார். செய்தி கசிந்தது கேட்ஸின் உதவியாளரிடமிருந்தே என்பது அதனால் அவை அறியப் புலனாயிற்று.

இதே காலத்தில் படை வேலி ஃபோர்ஜில் குளிர்காலப் பாசறை அமைத்தது. 1777 டிசம்பர் 23 அன்று பேரவைத் தலைவர் ஹென்றி லாரன்ஸுக்கு வாஷிங்டன் எழுதிய கடிதம் அவர் எழுதியவற்றுள் கடுமையானது. உணவு வழங்கும் துறை உடனே சீராகாவிடின் படை பட்டினி கிடக்கும், இல்லையேல் கலையும் அல்லது உணவு தேடிச் சிதறும் என எச்சரித்தார். காலணியும் உடையும் இன்மையால் பணிக்கு உதவாதவர்கள் 2,898 பேர் எனத் துல்லியமாக எண்ணிக் காட்டினார். சூடான அறையில் அமர்ந்து குறை கூறுவது பனியில் ஆடையின்றிப் படுப்பதைவிட எளிது என்னும் இடித்துரையும் அதில் இடம்பெற்றது. இத்தனைக்கும் பின் அவர் படையை நகரங்களின்மீது ஏவவில்லை, விடையை எதிர்பார்த்தார். 1778 சனவரியில் பேரவையின் குழுவொன்று பாசறைக்கே வந்து தங்கியது. சீர்திருத்தங்களைத் தொகுத்த நீண்ட அறிக்கையை வாஷிங்டன் அதற்கு அளித்தார். மார்ச்சில் கிரீன் படைப்பொருள் வழங்கும் துறையின் பொறுப்பை ஏற்றார். வழங்கல் மெல்ல மெல்லச் சீரடைந்தது.

அச்சனவரியில் பெயரிடாத குற்றச்சாட்டு மடலொன்று லாரன்ஸின் கைக்கு வந்தது. அவர் அதைப் பேரவையில் வைக்காமல் வாஷிங்டனுக்கு அனுப்பினார். லாரன்ஸின் மகன் ஜான் வாஷிங்டனின் உதவியாளராக இருந்தமையால் இவ்விருவரிடையே நம்பிக்கை வளர்ந்திருந்தது. ஆயினும் அம்மடலை மறைக்க வேண்டாம், பேரவையின் முன் வைக்கலாம் என்பதே வாஷிங்டனின் விடை. போரின் கமுக்கங்களை வெளியிட்டாலன்றித் தம்மைத் தற்காக்க இயலாது என்பதைப் பகைவர் அறிந்தே தாக்குகின்றனர் என அவர் வருந்தினார். எனினும் தம்மை ஆராயும் உரிமை பேரவைக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. வர்ஜீனிய ஆளுநர் பாட்ரிக் ஹென்றிக்கும் இத்தகைய மடல் வந்தது. அவரும் அதை வாஷிங்டனுக்கு அனுப்பினார். கையெழுத்தைக் கொண்டு அது மருத்துவர் பெஞ்சமின் ரஷ் எழுதியது என வாஷிங்டன் கண்டுகொண்டார்.

தளபதியின் எழுதகம்

இத்தனை கடிதங்களும் ஒருவர் கையால் எழுதப்பட்டவை அல்ல. ராபர்ட் ஹான்சன் ஹாரிசன், டென்ச் டில்க்மன், 1777 மார்ச்சில் சேர்ந்த அலெக்சாண்டர் ஹாமில்ட்டன் முதலிய உதவியாளர்கள் வாஷிங்டன் கூறிய கருத்தைக் கொண்டு வரைவு எழுதினர். அவர் அவற்றைத் திருத்தி, நற்படியில் கையொப்பமிட்டார். வரைவு பாசறையில் காக்கப்பட்டது. பல கைகள் எழுதியும் குரல் ஒன்றாகவே அமைந்தமை இம்முறையின் பயன். ஹாமில்ட்டனின் கூர்மையும் டில்க்மனின் அமைதியும் தளபதியின் திருத்தத்தில் ஒரே நிதானத்துக்கு வந்து சேர்ந்தன.

1781இல் தாள்களின் திரள் பெருகியதால், அவற்றைப் படியெடுக்க ஆளமர்த்தும்படி அவர் பேரவையை வேண்டினார். ரிச்சர்ட் வாரிக் என்பவர் தலைமையில் எழுத்தர்கள் சிலர் பொகீப்சி நகரில் அமர்ந்து 44 தொகுதிகளாக அவற்றைப் படியெடுத்தனர். போர் முடியாத நிலையிலும், பேரவை பணமின்றித் தவித்த வேளையிலும் இவ்வேலை நடந்தது. தம் ஒவ்வொரு செயலுக்கும் பின்னர்க் கணக்குக் கேட்கப்படும் என்று கருதிய ஒருவரின் ஏற்பாடு இது. வருங்காலப் புகழின்மீதான நாட்டமும் இதில் இல்லாமலில்லை. அவ்விரண்டும் அவரிடத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

வெற்றிக்குப் பின் வந்த சோதனை

1780இல் தென்பகுதிப் படைத்தலைமைக்கு வாஷிங்டனின் கருத்தைக் கேளாமலேயே பேரவை கேட்ஸை அமர்த்தியது. ஆகஸ்டில் காம்டனில் கேட்ஸ் பெருந்தோல்வி அடைந்தார். அதன் பின்னரே அடுத்தவரைத் தேர்வு செய்யும் பொறுப்பைப் பேரவை வாஷிங்டனிடம் விட்டது. அவர் கிரீனைத் தேர்ந்தார். 1781 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் டி கிராஸ் செசபீக் விரிகுடாவுக்கு வருவதாகக் கடிதம் கிடைத்ததும், நியூயார்க்கைத் தாக்கும் எண்ணத்தைக் கைவிட்டு வாஷிங்டன் தெற்கே விரைந்தார். அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் காரன்வாலிஸின் படை சரணடைந்தது. அதே காரன்வாலிஸ் பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து திப்பு சுல்தானுடன் போரிட்டதைத் தமிழக வரலாறு அறியும்.

போர் ஓய்ந்ததும் படை கலையவில்லை. அமைதி உடன்படிக்கைக்காகக் காத்திருந்தது. ஊதியம் நிலுவையில் கிடந்தது. 1782 மே மாதம் லூயிஸ் நிக்கோலா என்னும் அதிகாரி, குடியரசு இத்தகைய பெரிய நாட்டுக்குப் பொருந்தாது என்றும், வாஷிங்டன் மன்னருக்கு நிகரான பதவியை ஏற்கலாம் என்றும் பொருள்பட எழுதினார். வாஷிங்டன் அன்றே விடை எழுதினார். தம் நடத்தையில் எது இத்தகைய எண்ணத்துக்கு இடம் தந்தது எனக் கேட்டு, அதை உள்ளத்திலிருந்தே அகற்றுமாறு கண்டித்தார். அவ்விடையின் படி உண்மையானது என்று தம் உதவியாளர் இருவரிடம் சான்றொப்பமும் பெற்று வைத்தார். மறுத்தால் மட்டும் போதாது, மறுத்தமைக்கு எழுத்துச் சான்றும் வேண்டும் என அவர் கருதினார்.

இதனினும் கடுமையான சோதனை 1783 மார்ச்சில் நியூபர்க் பாசறையில் எழுந்தது. உறுதியளித்த ஓய்வூதியம் கிட்டாது என அஞ்சிய அதிகாரிகளிடையே, பேரவையை மிரட்டத் தூண்டும் பெயரிடாத அறிக்கை பரவியது. அதை எழுதியவர் கேட்ஸின் உதவியாளரான ஜான் ஆம்ஸ்ட்ராங். அப்போது பேரவை உறுப்பினராகிவிட்ட ஹாமில்ட்டன், படையின் மனக்குறையை மாநிலங்களிடமிருந்து வருவாய் பெறுவதற்கு ஒரு நெம்புகோலாகப் பயன்படுத்தலாம் எனக் குறிப்பாக எழுதியிருந்தார். மார்ச் 15 அன்று வாஷிங்டன் அதிகாரிகளின் கூட்டத்துக்குச் சென்று உரை நிகழ்த்தினார். பின் பேரவை உறுப்பினர் ஜோசப் ஜோன்ஸ் தமக்கு எழுதிய கடிதத்தைப் படிக்க எடுத்தார். எழுத்துத் தெளிவாகத் தெரியாமையால் மூக்குக்கண்ணாடியை அணிந்தார். பணியில் தாம் நரைத்தது மட்டுமன்றிப் பார்வையும் மங்கியதாகக் கூறினார். அவர் கண்ணாடி அணிவதை அதுவரை அறியாத அதிகாரிகள் கண்கலங்கினர். அவர் சென்றபின் மிரட்டும் திட்டத்தைக் கைவிட்டுத் தீர்மானம் நிறைவேற்றினர்.

இந்நிகழ்ச்சியின் கண்ணீர்க் காட்சியே பெரிதும் பேசப்படுகிறது. அதன்பின் எழுதப்பட்ட கடிதங்கள் அதற்கு இணையான முதன்மை உடையவை. மார்ச் 18 அன்று வாஷிங்டன் நடந்தவற்றைப் பேரவைக்கு முழுமையாக எழுதி, அதிகாரிகளின் கோரிக்கை நியாயமானது என்று வலிமையாகப் பரிந்துரைத்தார். நான்கு நாள்களில் பேரவை அரைச்சம்பள ஓய்வூதியத்துக்கு மாற்றாக ஐந்தாண்டு முழு ஊதியம் வழங்க ஒப்புக்கொண்டது. ஏப்ரல் 4 அன்று ஹாமில்ட்டனுக்கு எழுதுகையில், படை விளையாட்டுக்கு உரிய கருவியன்று, ஆபத்தானது என எச்சரித்தார். படையைக் கருவியாக்க முனைந்தவர்களுள் அரசியல் தலைவர்களும் இருந்தனர் என்பதும், அதைத் தடுத்தவர் தளபதி என்பதும் இங்குக் கருதத்தக்கவை.

1783 ஏப்ரல் 19 அன்று போர் நிறுத்தம் பாசறையில் அறிவிக்கப்பட்டது. பிரித்தானியாவும் பிரான்சும் சனவரியிலேயே முன்னுடன்படிக்கை செய்திருந்தும், அச்செய்தி எட்டாத கடலூரில் இரு நாட்டுப் படைகளும் சூன் இறுதிவரை போரிட்டன. கடிதம் செல்லும் வேகமே போரின் நீளத்தை வரையறுத்த காலம் அது.

பதவி துறத்தலும் பின்வாழ்வும்

1783 டிசம்பர் 23 அன்று அன்னாபொலிஸில் கூடிய பேரவையின் முன் வாஷிங்டன் தம் பணி ஆணையைத் திருப்பி அளித்தார். அதைப் பெற்றுக்கொண்ட பேரவைத் தலைவர் தாமஸ் மிஃப்ளின், 1775இல் அவருடைய உதவியாளராக இருந்தவர்; 1777இல் கேட்ஸின் சார்பாளர்களுள் ஒருவராகக் கருதப்பட்டவர். ஆள் எவராயினும் அவையின் தலைமைக்கே வணக்கம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. 1787இல் அவர் தலைமை தாங்கிய மாநாட்டில் உருவான அரசமைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவரையே படைகளின் தலைவராக்கியது. போர் அறிவிக்கவும் படைக்குப் பணம் ஒதுக்கவும் உரிய அதிகாரத்தைச் சட்டமன்றத்திடம் வைத்தது. 1789 முதல் 1797 வரை அவர் முதல் குடியரசுத் தலைவராக இருந்தார்.

அவருடைய கடிதங்களின் எல்லையையும் சுட்ட வேண்டும். உரிமையைப் பற்றி இத்தனை எழுதியவர் நூற்றுக்கணக்கான அடிமைகளின் உழைப்பில் மௌண்ட் வெர்னான் பண்ணையை நடத்தினார். 1775இன் இறுதியில், விடுதலை பெற்ற கறுப்பின வீரர்களைச் சேர்க்கலாகாது என்னும் தடையை நீக்கி அவர் ஹான்காக்குக்கு எழுதியதும், அவர்கள் பகைவரிடம் சேர்ந்துவிடுவர் என்ற அச்சத்தாலேயே. தமக்கு உரிமையான 120க்கும் மேற்பட்ட அடிமைகளின் விடுதலைக்கு இறுதி விருப்ப ஆவணத்தில்தான் அவர் வழி செய்தார்.

1799 டிசம்பர் 14 அன்று இறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன், தம் படைக்காலக் கடிதங்களையும் தாள்களையும் ஒழுங்குபடுத்திப் பதியுமாறு செயலர் டோபியாஸ் லியரிடம் அவர் கேட்டுக்கொண்டார். மார்த்தாவோ தம் கணவருடன் நிகழ்த்திய கடிதங்களில் ஒரு சிலவன்றி ஏனையவற்றை எரித்துவிட்டார். பொதுவாழ்வின் கடிதங்கள் நாட்டுக்கு எஞ்சின. இல்வாழ்வின் கடிதங்கள் மறைந்தன.

முடிவுரை

வாஷிங்டனின் போர்க்காலக் கடிதங்களில் மூன்று ஒழுங்குகள் தொடர்ந்து காணப்படுகின்றன. ஒன்று, முறையீடு எவ்வளவு கடுமையாயினும் அது உரிய அவையை நோக்கியே அமைந்தது. இரண்டு, தம்மைப் பற்றிய குற்றச்சாட்டையும் அவையின் பார்வைக்கு வைக்க அவர் இசைந்தார். மூன்று, மிகையான அதிகாரம் வந்தபோது அதன் எல்லையைத் தாமே எழுதி உறுதிப்படுத்தினார். டின்விடி காலத்து இளைஞரிடம் இவை இல்லை. பதினைந்தாண்டுச் சட்டமன்ற வாழ்வும் எட்டாண்டுப் போரும் இவற்றை உருவாக்கின.

அன்னாபொலிஸில் நடந்த பதவித் துறவு ஒரு நாளில் தோன்றிய பெருந்தன்மை என்று கொள்வதற்கில்லை. வலிமையற்ற ஒரு பேரவைக்கு எட்டாண்டுகள் பணிந்து எழுதிய கை, இறுதியில் அதனிடமே பதவியையும் ஒப்படைத்தது. படைத்தலைவர்களுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் இடையே நிகழ்ந்த கடிதங்களைப் போர்ச் செய்திகளின் தொகுப்பாக மட்டும் பயிலாமல், ஆட்சிமுறை உருவான களமாகவும் பயில வேண்டும் என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.